பாலாடைக்கு நேரே எழுதாமல் விட்டது

என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இருக்கிறது. ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம். ஏதோ பழைய விருந்துப் பட்டியலின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியது. மேலே 'ஹேவிளம்பி, தை' என்று மட்டும் இருக்கிறது; தேதி இல்லை. ஆங்கிலக் கணக்குக்கு 1958 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் வரும். காகிதத்தில் உள்ளதை அப்படியே தருகிறேன்.

வெள்ளித் தம்ளர் – தூக்கி விட்டது. இருமல், வாந்தி.
எவர்சில்வர் – வாசனை கெடும். கொடுக்கவில்லை.
கண்ணாடி, வாய் அகன்றது – தொடமாட்டேன் என்றாள்.
கண்ணாடி, வாய் குறுகினது – நாலு நாள். மூக்கைப் பொத்திக்கொண்டு. சேர்த்தி இல்லை.
பாலாடை –

அவ்வளவுதான். பாலாடை என்று எழுதி ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறார். கோட்டுக்குப் பிறகு காகிதம் வெறுமையாக இருக்கிறது.

இதை எழுதியவரை நாங்கள் ஸ்டோர் மாமா என்று கூப்பிடுவோம். திருச்சி கண்டோன்மெண்டில் வெள்ளைக்காரர்கள் நடத்திவந்த ஒரு கிளப்பில் கண்ணாடி, பீங்கான் சாமான்களுக்குப் பொறுப்பாளராக இருந்தார். பெயரை எழுதப்போவதில்லை. அவர் வீட்டில் ஒயின் புழங்கிற்று என்பது அவருடைய உறவினர்களுக்கு இன்றுவரை தெரியாது; என் மூலமாகத் தெரியவேண்டாம். 1953-இல் நானும் என் மனைவியும் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரு வீட்டுக்குக் குடிபோனோம். முன்கட்டில் அவரும் மாமியும், பின்கட்டில் நாங்கள். இரண்டு கட்டுக்கும் நடுவில் ஒரு கிணற்று முற்றம். எனக்குத் திருச்சியில் ஓர் அலுவலகத்தில் ரிக்கார்டு குமாஸ்தா வேலை. காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி அடுக்கி, வீட்டிலும் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இங்கே நான் சொல்பவற்றில் பெரும்பகுதி அந்த நோட்டுகளில் இருக்கிறது. இல்லாததை இல்லை என்றே சொல்லிவிடுகிறேன்.

அவரைப் பற்றி எங்கே தொடங்கினாலும் தம்ளரில்தான் வந்து நிற்கும். காலையில் மாமி காப்பி கொண்டுவந்து வைத்தால், எடுத்தவுடன் குடிக்கமாட்டார். ஆள்காட்டி விரலால் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றுவார். பிறகு மூக்கருகே கொண்டுபோவார். பிறகுதான் அண்ணாந்து, உதட்டில் படாமல், ஒரே தாரையாக ஊற்றிக்கொள்வார்.

"தினம் என்னத்தை மோந்து பாக்கறேள்? நான் என்ன விஷமா கலந்திருக்கேன்?" என்பாள் மாமி.

"காப்பியை மோக்கலைடி. தம்ளரை மோக்கறேன்."

"தம்ளர் என்ன சொல்றதாம்?"

"நேத்தி சாயங்காலம் எனக்குள்ள மோர் இருந்ததுன்னு சொல்றது."

மாமி எங்கள் கட்டுப் பக்கம் திரும்பி, என் மனைவிக்குக் கேட்கிற மாதிரி, "பாத்திரத்தோடயே குடித்தனம் பண்ணியிருக்கலாம் இவர். நடுவுல என்னை எதுக்குக் கட்டிண்டார்னு கேளு" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அவள் சிரிப்பைப் பற்றி நான் நோட்டில் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அப்போது அது தினமும் கேட்கிற சத்தமாக இருந்தது.

மாலையில் சில நாள் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஓட்டலில் காப்பி சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுவோம். ஒரு நாள் தம்ளரை முகர்ந்துவிட்டு, "இது வேண்டாம், மாத்திக் கொண்டு வாய்யா" என்றார்.

சப்ளை செய்தவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "சாமி, பாய்லருல காப்பி ஒண்ணுதான். தம்ளர மாத்துனா காப்பி மாறிடுமா?"

"மாத்தித்தான் பாரேன்."

உள்ளே போய்விட்டு வந்தார். மாமா விரலைச் சுற்றினார், முகர்ந்தார், "இப்ப சரி" என்றார். அந்த ஆள் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "அதே தம்ளருதாங்க சார். வெந்நீர்ல அலசிக் கொண்டாந்தேன்" என்றார். நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. "அலசினா அது வேற தம்ளர்" என்றார்.

எதற்கும் இதையேதான் சொல்வார். நான் அலுவலகத்தில் மேலாளரோடு தகராறு என்று புலம்பினால், "அந்த மனுஷனை வேற எடத்துல வச்சுப் பாத்திருக்கீரா? அவர் ஆத்துல, கோவில்ல? பாத்திரத்தை மாத்திப் பாரும் ஓய்" என்பார். முதலில் வேடிக்கையாக இருந்தது. நாலைந்து வருஷம் கேட்டபின் சற்றுச் சலிப்பாகவும் இருந்தது. அந்தச் சலிப்பையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் பஸ்ஸில் சொன்னார். காவிரிப் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. முப்பதுகளில் நடந்தது, வருஷம் அவருக்கே நிச்சயமில்லை. கிளப்பில் ஒரு பெரிய விருந்து. சிவப்பு ஒயினுக்கென்று வைத்திருந்த கண்ணாடிகளைத் தாம்பாளத்தோடு யாரோ கீழே போட்டுவிட்டார்கள். கடைசி மேஜைக்குக் கண்ணாடி போதவில்லை. தட்டையாக, அகலமாக வேறொரு வகைக் கண்ணாடி இருந்தது. அதில் ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரு துரை ஒரு வாய் குடித்துவிட்டு, இது கெட்டுப்போன சரக்கு என்று பட்லரைப் பார்த்துக் கத்தத் தொடங்கிவிட்டார்.

"பட்லர் நடுங்கறான் ஓய். எனக்கு அப்ப ஒண்ணும் தெரியாது. அலமாரியில சரியான கண்ணாடி ஒண்ணே ஒண்ணு பாக்கி இருந்தது. அதே புட்டி, மீதி இருந்ததை அதுல ஊத்திக் கொடுத்தனுப்பினேன். துரை குடிச்சார். 'இதை ஏன் முன்னாடியே கொண்டு வரலை'ன்னார். ஒரே புட்டி! நான் பாத்துண்டே நிக்கறேன்."

"கண்ணாடி வடிவத்துலயா ருசி இருக்கு?"

"உம்மாத்துல சாத்தமுதை எதுல வைக்கறா?"

"ஈயச் சொம்புல." ரசத்துக்கு எங்கள் வீடுகளில் அதுதான் பாத்திரம்.

"அதையே ஒரு தாம்பாளத்துல ஊத்திக் குடிச்சுப் பாரும். மிளகும் இருக்காது, பெருங்காயமும் இருக்காது. எங்க போச்சு? நாலா பக்கமும் போயிடுத்து. சொம்புக்கு வயிறு பெரிசு, கழுத்து சின்னது. வாசனை உள்ளயே சுத்திண்டு நிக்கும். இந்த ஒயின் கண்ணாடியும் அப்படித்தான். குடிக்கக் குனிஞ்சா மூக்கு உள்ள போகும். பாதி ருசி மூக்குல ஓய். மீதி, அது நாக்குல எங்க விழறதுங்கறதுல. நுனியில விழுந்தா இனிக்கும். அடியில விழுந்தா கசக்கும்."

நாக்கின் நுனிக்கு இனிப்பு, அடிக்குக் கசப்பு என்பது அந்தக் காலத்துப் பாடப்புத்தகங்களிலும் இருந்தது. அது சரியல்ல என்று பிற்பாடு படித்தேன். அவர் இருந்தவரை அதுதான் உண்மை.

"அப்ப நாம தூக்கிக் குடிக்கறோமே மாமா? மூக்கும் உள்ள போகாது. நேரே தொண்டையில விழும்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நாம ருசிக்கறதே இல்லை ஓய். முழுங்கறோம்."

"நீங்க அந்த ஒயினைத் தொட்டுப் பாத்ததுண்டா?"

"பெருமாளே! ஒரு சொட்டு கிடையாது."

"அது போகட்டும். வாய் வச்சு எதையாவது குடிச்சிருக்கேளா? வெறும் தண்ணி?"

பஸ் பாலம் தாண்டி மாம்பழச் சாலை நிறுத்தத்துக்கு வந்தது. இறங்கும்போது, "எச்சல்னு ஒண்ணு இருக்கே" என்றார். ஆக, விளிம்பின் கனம், வளைவு, வாய் அகலம் என்று இருபது வருஷமாகப் பேசிய மனிதர், எந்த விளிம்பிலும் உதட்டை வைத்ததில்லை. எல்லாம் மூக்கால் தெரிந்துகொண்டது, பிறர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

1948-இல் மதுவிலக்கு வந்ததும் கிளப்பில் ஒயின் கண்ணாடிகள் இருந்த அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். நான் ஒருமுறை அவரைப் பார்க்கப் போயிருந்தபோது அறையைத் திறந்து காட்டினார். சுவரெல்லாம் அலமாரி. குடம் மாதிரி, மணி மாதிரி, புனல் மாதிரி, வரிசை வரிசையாகக் கண்ணாடிகள். ஒன்றில்கூடத் தூசி இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் இறக்கிக் கழுவித் துடைத்து மறுபடி அடுக்குவாராம். வயதான பட்லர் வாசலில் நின்றுகொண்டு அலுத்துக்கொண்டார். "ஊருக்கே பூட்டுப் போட்டாச்சு. இன்னும் யாருக்குங்க சாமி கழுவுறீங்க?"

"தூசி படிஞ்சா வாசனை புடிச்சுக்கும். யாராவது வந்தா?"

"யாரும் வரப்போறதில்லீங்க."

"வராட்டா போறா. கண்ணாடி என்ன பண்ணித்து பாவம்?"

அன்றைக்கு என் நோட்டில், 'பத்து வருஷமாக வெறும் கண்ணாடிகளைக் கழுவுகிறார்' என்று எழுதி, அடியில் கோடு போட்டிருக்கிறேன். 1957 ஐப்பசி.

அடுத்த மாதம், கார்த்திகையில், மாமிக்குச் சாப்பாடு செல்லவில்லை. ஒரு பிடி சாதம் போனால் அரை மணியில் வெளியே வந்தது. புடவை இடுப்பில் நிற்காமல் நழுவுகிறது என்று என் மனைவி சொன்னாள். மார்கழியில் திருச்சியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். துணைக்கு நானும் போனேன். வயிற்றில் கட்டி. அறுத்து எடுக்கலாம், ஆனால் இந்த உடம்பு தாங்காது என்றார் டாக்டர்.

"ஒரு மாசம் டைம் இருக்குங்க. அதுக்குள்ள அம்மா கொஞ்சமாச்சும் சாப்பிட ஆரம்பிச்சாத்தான் நான் கத்தியத் தொடுவேன். பசி எடுக்கறதுக்கு ஒண்ணு எழுதித் தரேன். போர்ட் ஒயின். பெர்மிட் வாங்கிக்குங்க. ரெண்டு வேளை, ஒரு அவுன்ஸ். மருந்துன்னு நினைச்சுக்கச் சொல்லுங்க."

அந்த ஒரு மாதத்தைப் பற்றியதுதான் மீதி எல்லாம்.

பெர்மிட் தை முதல் வாரம் வந்தது, மாமியின் பெயரில். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். "ரேஷன் கார்டுக்கு அப்புறம் என் பேர் ஏறின காயிதம் இதுதான். நன்னாயிருக்கு" என்றாள். குடிக்கமாட்டேன் என்று மூன்று நாள் சாதித்தாள். "இதை உள்ள விட்டுண்டு, அந்த வாயால பெருமாள் பேரைச் சொல்லணுமா?" என்றாள். நாலாம் நாள் ஒப்புக்கொண்டாள். யாருக்கும் தெரியக்கூடாது, சுவரைப் பார்த்துக்கொண்டுதான் குடிப்பேன், வாயில் படாமல்தான் குடிப்பேன் என்று மூன்று நிபந்தனைகள்.

வெள்ளித் தம்ளரில் எடுத்து, அண்ணாந்து விட்டுக்கொண்டாள். தொண்டையில் போய் அடித்தது. இருமி, கண் சிவந்து, எல்லாவற்றையும் முற்றத்தில் கக்கினாள். என் மனைவி ஓடிப்போய் முதுகைத் தடவிக்கொடுத்தாள். மாமா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சரக்கு மேல தப்பில்லை. அடிநாக்குல விழுந்துடுத்து. பாத்திரத்தை மாத்தணும்."

மறுநாள் கிளப்பிலிருந்து இரண்டு கண்ணாடிகளை மேல்துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். கேட்டு எழுதி வைத்துவிட்டுத்தான் எடுத்தேன் என்று என்னிடம் சொன்னார். அத்தனை வருஷத்தில் ஒரு ஸ்பூன்கூட அவர் வெளியே எடுத்ததில்லை. மாமி அகன்ற வாய்க் கண்ணாடியைப் பார்த்ததுமே தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"எத்தனை துரை வாய் வச்சதோ!"

"புளி போட்டுத் தேய்ச்சிருக்கேன், சாம்பல் போட்டுத் தேய்ச்சிருக்கேன். கண்ணாடியில எச்சல் ஒட்டாதுடி."

"கண்ணாடியில ஒட்டாது. எனக்கு ஒட்டும்."

குறுகிய வாய்க் கண்ணாடிக்கு எப்படிச் சம்மதித்தாள் என்பது எனக்குத் தெரியாது. அழுதாரோ என்னவோ. அவள் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பாத்திரத்தில் உதட்டை வைத்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடது கையால் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு, மடக் மடக்கென்று குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்தாள். உள்ளே நின்றது. மறுநாளும் நின்றது. நாலாம் நாள் மாலை, "கொஞ்சம் மோர் சாதம் பெசஞ்சு தரயா?" என்று என் மனைவியைக் கேட்டாள். இரண்டு வாய் சாப்பிட்டாள். இது என் நோட்டில் இருக்கிறது: 'மாமி தானே கேட்டுச் சாப்பிட்டாள். இரண்டு கவளம்.'

ஐந்தாம் நாள் அவர் கொடுக்கவில்லை.

"மூக்கைப் பொத்திண்டா உனக்கு ஒண்ணுமே தெரியாதேடி!"

"அதுக்காகத்தானே பொத்திண்டேன்?"

"பசிங்கறது வாசனையால வர்றது. வாசனையைப் பூட்டிட்டு எதைக் குடிச்சு என்ன? கையை எடுத்துட்டுக் குடி."

"கையை எடுத்தா வாயைத் திறக்க மாட்டேன்."

அவர் எழுந்து கண்ணாடியில் இருந்ததைப் புட்டியிலேயே திரும்ப ஊற்றினார். என் மனைவி பொறுக்கமாட்டாமல் முற்றத்திலிருந்தே சொன்னாள்: "விட்டுடுங்கோ மாமா. எப்படிக் குடிச்சா என்ன? நேத்திக்கு ரெண்டு வாய் சாப்பிட்டாளே."

"அது தானா வந்த பசி, குழந்தே. ருசியால வர்ற பசி வேற."

அவர் பிடிவாதத்தில் கோபம் இல்லை. அவளுக்கு ஒரு முறையாவது அதைச் சரியாகக் கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தார். யார் யாருக்கோ சரியான கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொடுத்தவர். ருசித்துக் குடித்தால்தான் உடம்பில் ஒட்டும் என்று மனதார நம்பினார். அவளோ, ருசித்தால் அது குடி, ருசிக்காவிட்டால் மருந்து என்று கோடு கிழித்திருந்தாள். இரண்டு பேரும் விடவில்லை. நடுவில் ஏகாதசி வந்தது. அன்றைக்கு அவர் இறங்கிவந்து, "சரி, பொத்திண்டே குடி" என்றாராம். "ஏகாதசியும் அதுவுமா?" என்று அவள் மறுத்துவிட்டாள். மறுநாள் அவர் பழையபடி ஆகிவிட்டார். தைத்தேர் போயிற்று. வீதியில் கூட்டம் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மாமி படுத்திருந்தாள்.

என் நோட்டுப்படி ஒயின் நின்ற நாட்கள் பதினான்கு. முற்றத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான்தான் அதை எண்ணிக்கொண்டிருந்தேன். 'இன்றும் கொடுக்கவில்லை' என்று பதினான்கு தடவை எழுதியிருக்கிறேன். ஒரு நாளாவது எழுந்துபோய், "மாமா, பாத்திரம் போதும்" என்று சொல்லியிருக்கலாம். என் மனைவி சொன்னாள். நான் எழுதினேன்.

பதினைந்தாம் நாள் டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "முக்கால்வாசி அப்படியே இருக்கு. ஏன் நிறுத்துனீங்க?" என்றார்.

"பாத்திரம் அமையலை" என்றார் மாமா.

டாக்டர் புட்டியைக் கீழே வைத்தார். பையை மூடினார். வாசலில் என்னிடம் மட்டும், "இனிமே ஆபரேஷனப் பத்திப் பேச வேண்டாங்க. என்ன கேக்கறாங்களோ கொடுங்க" என்றார்.

அதை மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டு உள்ளே வந்தபோது, அவர் மாமியின் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பழந்துணியைப் பிரித்தார். உள்ளே வெள்ளிப் பாலாடை. குழந்தைக்குப் பால் புகட்டுகிற, தட்டையாக, ஒரு பக்கம் மட்டும் நீண்ட மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். மாமியின் பிறந்தகத்தில் கொடுத்தது. அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து பதினோரு நாள் இருந்தது என்பதை நான் அன்றைக்குத்தான் என் மனைவி மூலமாக அறிந்தேன். அந்தப் பதினோரு நாளைக்குப் பிறகு அந்தத் துணியை யாரும் பிரித்ததில்லை.

"பாரும் ஓய்" என்றார். குரலில் ஒரு பரபரப்பு. "இத்தனை நாள் தோணவே இல்லை. இதுல எச்சல் கிடையாது. குழந்தைக்கு ஏது எச்சல்? மேல தட்டையா திறந்திருக்கு, நெடி மூக்கைக் குத்தாது. இதோட மூக்கு நேரா நுனிநாக்குல கொண்டுபோய் விடும். இதுதான். இதுதான் பாத்திரம்."

நான் டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை.

மாமி பாலாடையைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள், அழுவாள், தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அவர் முகத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை; கையைத் தூக்கும் தெம்பு அப்போது இல்லை. அவர் அவள் தலையை இடது கையில் ஏந்தி, பாலாடையின் மூக்கை உதட்டில் வைத்து, சிறிது சிறிதாகச் சாய்த்தார். என் மனைவி வெந்நீர்ச் சொம்போடு நிலைப்படியில் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால்.

"எப்படியிருக்கு?" என்றார்.

மாமி ஒரு சொல் சொன்னாள். குரல் இல்லை, காற்றுத்தான்.

அவர் குனிந்து, "என்னது?" என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திரும்பச் சொல்லவில்லை.

அதற்குப்பின் ஒன்பது நாள் இருந்தாள். பாலாடையில் அவர் விட்டதையெல்லாம் குடித்தாள். பேசவில்லை. மாசி பத்து வாக்கில் போய்விட்டாள்.

காரியங்கள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் புறப்பட்டுப் போன அன்று முற்பகல், அவர் முற்றத்தைத் தாண்டி எங்கள் கட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"அன்னிக்கு என்ன சொன்னா? நீங்க ரெண்டு பேரும் நின்னுண்டிருந்தேளே. கேட்டுதா?"

என் மனைவி உடனே சொன்னாள்: "இனிக்கறதுன்னா மாமா."

"இனிக்கறதுன்னா?"

"ஆமாம். இனிக்கறதுன்னு சொன்னா."

அவர் என்னைப் பார்த்தார். நான் எதையும் எழுதி வைப்பவன் என்பது அவருக்குத் தெரியும். "உம்ம நோட்டுல என்ன இருக்கு?"

"ஏதோ சொன்னான்னுதான் எழுதியிருக்கேன் மாமா. எனக்குச் சரியாக் கேக்கலை."

எழுதியது அதுதான். கேட்டது அதுவல்ல. என் காதில் விழுந்தது, "இனி எதுக்கு." இரண்டையும் மெதுவாக, மூச்சாகச் சொல்லிப் பார்த்தால், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு குறைந்த இடம் என்று தெரியும். அவர் காதில் எது விழுந்தது என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம்: 'இனிக்கறது' என்று சந்தேகமில்லாமல் கேட்டிருந்தால் அவர் எங்களிடம் வந்திருக்கமாட்டார்.

அந்த வருஷச் சித்திரைத் தேரன்று எங்கள் கட்டில் எல்லாரும் வீதிக்குப் போயிருந்தோம். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று நான் மட்டும் திரும்பி வந்தேன். முன்கட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், மாமி உட்கார்ந்த அதே இடத்தில். பக்கத்தில் புட்டி. கையில் பாலாடை. அதன் மூக்கை உதட்டில் வைத்திருந்தார். அண்ணாந்து அல்ல, வைத்து. தோள்கள் அசையவில்லை. நான் மூக்குக்கண்ணாடி இல்லாமலே தேருக்குத் திரும்பிப் போனேன்.

அவர் 1962-இல் கிளப் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கும்பகோணத்தில் தம்பி வீட்டோடு போய்விட்டார். மாமி போனபின் இருந்த அந்த நாலு வருஷமும் மோந்து பார்க்கிற பழக்கம் அவரிடம் இல்லை. எங்கள் வீட்டில் எந்தத் தம்ளரில் எதைக் கொடுத்தாலும் வாங்கித் தூக்கி ஊற்றிக்கொள்வார். ஊருக்குப் புறப்பட்ட அன்று ஒரு பொட்டலத்தை என்னிடம் கொடுத்தார். அந்தப் புட்டி, கழுவித் துடைத்தது, இந்தக் காகிதம்.

"நீர்தான் காயிதமெல்லாம் வச்சுக்கறவர்."

நான் படித்துவிட்டு, "பாலாடைக்கு நேரே ஒண்ணும் எழுதலையே மாமா?" என்றேன்.

"பாத்திரம் அதேதான் ஓய்" என்றார். "நாக்கு வேறயாச்சே."

குதிரை வண்டி காத்திருந்தது. ஏறிக்கொண்டார். பாலாடை என்ன ஆயிற்று என்று தெரியாது. அவர் காலமான செய்தி மூன்று வருஷம் கழித்து, கறுப்பு மை தடவிய கார்டில் வந்தது.

என் மனைவியிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். நிஜமாகவே அப்படித்தான் கேட்டதா, அல்லது அவருக்காகச் சொன்னாயா என்று. "இனிக்கறதுன்னுதான் சொன்னா" என்றே கடைசிவரை சொன்னாள். ஒரு தடவைகூட மாற்றவில்லை, ஒரு தடவைகூட என் கண்ணைப் பார்த்துச் சொல்லவுமில்லை. போர்ட் ஒயின் இனிப்பான வகை என்று நான் பார்த்த இரண்டு புத்தகங்களில் இருக்கிறது. அந்த நிலையில் இருந்த ஒரு நாக்குக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எதிலும் இல்லை.

என் நோட்டில் 1958, மாசி மாதப் பக்கத்தில் உள்ள வரி இது: 'மாமி இன்று பாலாடையில் குடித்தாள். ஒரு சொல் சொன்னாள்.' எந்தச் சொல் என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.